செக்போஸ்ட் தாண்டினால் வரம்பு இரட்டிப்பாகாது

போன வாரம் தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து ஒரு தம்பதி என் ஆபீஸுக்கு வந்திருந்தார்கள். மலைமேல் கேரள எல்லைக்குள் இருக்கும் குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் சின்னக் கடை அவர்களுக்கு. ஏலக்காய் வாசம் ஏறிப்போன மஞ்சப்பையிலிருந்து அந்த அம்மா இரண்டு பாஸ்புக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் அவர் பெயரில், இரண்டும் பி.பி.எஃப்., அதாவது பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. ஒன்று மலைமேல் தபால் ஆபீஸில், இன்னொன்று கீழே ஒரு வங்கியில். ஆறு வருஷமாக ஏப்ரல் பிறந்ததும் இரண்டிலும் தலா 1,50,000 ரூபாய் போட்டிருக்கிறார்.

"அது கேரளாக் கணக்கு, இது தமிழ்நாட்டுக் கணக்கு. ரெண்டும் வேற வேறதானே சார்?"

இந்த நிதியாண்டில் இதே கேள்வியோடு வந்த ஐந்தாவது குடும்பம் இது. இனியும் எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டிக் கேரளாவுக்கு மலையேறினால் கரண்ட் பில் மாறும், ரேஷன் கார்டு மாறும், பத்திரப்பதிவு மாறும். பி.பி.எஃப். மாறாது. 1968-லிருந்து மத்திய அரசு நடத்துகிற திட்டம் அது. தபால் ஆபீஸும் வங்கியும் அந்த அரசுக்காகப் பணம் வாங்கி வைக்கிற இடங்கள், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு இந்தியா முழுக்க ஒரே கணக்கு. நிதியாண்டுக்கு 1,50,000 ரூபாய்தான் உச்சம். 2014-ல் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள், அதற்குப்பின் உயர்த்தவில்லை. குமுளியில் போட்டாலும் கம்பத்தில் போட்டாலும் காசியில் போட்டாலும் இதே கணக்குதான்.

"தப்புன்னா கவுண்டர்லயே வாங்கியிருக்க மாட்டாங்களே?" என்று அவர் கணவர் கேட்டார். எல்லாரும் கேட்பது இது. ஒரு இடத்தில் பணம் வாங்குகிறவருக்கு நீங்கள் இன்னொரு இடத்தில் போட்டது தெரியாது. கணக்கு தொடங்கும்போது 'வேறு பி.பி.எஃப். கணக்கு எனக்கு இல்லை' என்று கையெழுத்துப் போட்டது நீங்கள். அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. இலக்கை முடிக்கிற அவசரத்தில் அதை நிரப்பிக் கொடுத்து 'இங்கே ஒரு கையெழுத்து' என்று நீட்டுகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

2024 அக்டோபர் 1 முதல் இதற்குத் தெளிவான விதிமுறை வந்துவிட்டது. இரண்டில் எது முதன்மைக் கணக்கு என்று நீங்களே சொல்லலாம். இரண்டாவதில் இருப்பதை, ஆண்டு வரம்புக்கு உட்பட்ட அளவுக்கு அதோடு சேர்ப்பார்கள். மிஞ்சியது வட்டியில்லாமல் திரும்ப வரும். மூன்றாவது கணக்கு இருந்தால் தொடங்கிய நாளிலிருந்தே அதற்கு வட்டி கிடையாது. ஒன்றில் 60,000, இன்னொன்றில் 50,000 என்று போட்டு வந்த ஒரு டிரைவருக்கு நஷ்டமே இல்லை, கூட்டினாலும் வரம்புக்குள்தான். இந்த அம்மாவுக்கோ முதல் பாஸ்புக்கே ஒவ்வொரு வருஷமும் நிரம்பியிருக்கிறது. இரண்டாவதில் போட்ட ஒன்பது லட்சம் ஒன்பது லட்சமாகவே வரும். 7.1 சதவீத வட்டியில் அது பதினொன்றரை லட்சம் ஆகியிருக்க வேண்டிய பணம். கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பெயரில் போடுகிறவர்களும் கேளுங்கள். மைனர் பிள்ளைக்கு நீங்கள் கார்டியனாகத் தொடங்கிய பி.பி.எஃப். கணக்கும் உங்கள் 1,50,000-க்குள்தான் அடக்கம். உங்களுடையதில் ஒரு லட்சம் போட்டால் பையனுடையதில் ஐம்பதாயிரம்தான் போடலாம். செல்வமகள் கணக்குக்குத் தனி வரம்பு, அதுவும் வருஷத்துக்கு 1,50,000. ஆனால் பழைய வருமான வரி முறையில் இந்தச் சேமிப்புகளுக்குக் கிடைக்கும் 80சி கழிவு எல்லாம் சேர்த்தே 1,50,000-தான். போடக்கூடிய தொகை வேறு, வரியில் கழியும் தொகை வேறு. புதிய வரி முறைக்கு மாறியவருக்கு 80சி கழிவே கிடையாது, அதனால் பி.பி.எஃப். வரம்பு கூடிவிடாது.

மலையிலிருந்து இறங்கி இங்கே குடிவந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். தபால் ஆபீஸிலிருந்து வங்கிக்கு மாற்ற வழி இருக்கிறது, கழிந்த வருஷங்களும் கணக்கில் நிற்கும். தயவுசெய்து புதிதாக ஒன்று தொடங்காதீர்கள். மொத்தமாகப் போடுகிறவர்கள் ஏப்ரல் 5-க்குள் போடுங்கள். ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆறாம் தேதி போட்டால் அந்த மாத வட்டி போச்சு.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாஸ்புக் இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். முதிர்ச்சி வரை காத்திருந்து தெரிய வருவதைவிட இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இனிப் போடுகிற பணமாவது வட்டி வாங்கும். அந்த அம்மா அன்றைக்கே தபால் ஆபீஸ் கணக்கை முதன்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை அந்தத் தாளை ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் பேனாவை வாங்கினார்.