வளைவில் இளகிய ஜீப்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழைய ஜீப் ஒன்றை, தார் காய்ந்திருக்கும் நாளில், நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு அந்தப் பாதையில் ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் இறுகும். வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். நேரான பாதையில் அந்த இறுக்கம் மேலும் அதிகரிக்காது. எல்லா ஜீப்புக்கும் உரிய இந்த இயல்பு என் ஜீப்பில் தலைகீழாக இருந்தது. நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் மூட்டை சுமந்து, கைமாறி என் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்த அந்த வண்டி, நேரான பாதையில் இறுகியது, வளைவில் இளகியது. ஒரே ஐப்பசி மழைக்காலத்தில் முன் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (ஷாஃப்ட் கோணத்தில் சுழல இடம் கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு) இரண்டு முறை உடைந்தது. உடைந்த உறுப்பை மாற்றிக்கொண்டே இருந்தவரையில் கோளாறு பிடிபடவில்லை. வளைவில் ஏன் இளகுகிறது என்று கேட்ட பிறகே பிடிபட்டது.

அதைப் புரிந்துகொள்ள, இந்த வகை ஜீப்பில் இன்ஜினின் விசை எப்படிப் பிரிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் முதுகில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரும்புப் பெட்டி ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்டும் முன் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்டும் போகின்றன. ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் டிஃபரன்ஷியல் உண்டு. திரும்பும்போது இடச் சக்கரமும் வலச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கிறது. ஆனால் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே அப்படி ஒன்று கிடையாது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் போன்ற வண்டிகளில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வைத்தார்கள். ஆகவே அவை எந்நேரமும் நான்கு சக்கரத்திலும் ஓடுகின்றன. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவன வழிவந்த நம் ஜீப்புகளில் ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பல்லோடு பல் கடித்து ஒன்றாகிவிடுகின்றன. பின் ஷாஃப்ட் நூறு சுற்று சுற்றினால் முன் ஷாஃப்டும் சரியாக நூறு சுற்றுதான் சுற்ற முடியும்.

சாலையோ அதற்கு இணங்குவதில்லை. 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்து, பின்னர் மஹிந்திரா நெடுங்காலம் இங்கே தயாரித்த சி.ஜே.-3பி ஜீப்பின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்சிலின் மையம் 5 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலின் மையம் அதைவிடப் பெரிய வட்டத்தில் போகும். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கின்படி அதன் ஆரம் சுமார் 5.39 மீட்டர். அரைவட்டம் திரும்பி முடிக்கும்போது பின் ஆக்சில் 15.7 மீட்டரும் முன் ஆக்சில் 16.9 மீட்டரும் கடந்திருக்கும். வித்தியாசம் 1.2 மீட்டர், விழுக்காட்டில் 7.7. டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.25 மீட்டர் உருள்கிறது என்றால், இது சக்கரத்துக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் (சக்கரங்களைச் சுழற்றும் பெரியது), பினியன் (ஷாஃப்டோடு சுழலும் சிறியது) பல்சக்கரங்களின் விகிதம் 5.38 என்பதால், ஷாஃப்டின் கணக்கில் அதுவே ஏறக்குறைய மூன்று முழுச் சுற்று. ஒரே ஒரு வளைவில், இரண்டு ஷாஃப்டுகளுக்கும் இடையே மூன்று சுற்று முறுக்கு சேர வேண்டியிருக்கிறது. இரும்புக்கு அந்த அளவு முறுக்கிக்கொள்ளும் தன்மை கிடையாது.

ஆகவே எங்கேனும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில், மழைச் சேற்றில், டயர் தானே வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். வண்டியை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். காய்ந்த தார் டயரை எளிதில் விடாது. அது வழுக்கும் வரை ஷாஃப்டும் கிராஸும் ஆக்சில் கம்பியும் முறுக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். இடமும் வலமுமாக வளைவுகள் மாறி மாறி வருவதால் ஒன்றை ஒன்று கழித்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடுதல் தூரம் போவது முன் ஆக்சில்தான் என்பதால், முறுக்கு கூடிக்கொண்டுதான் போகும். ஃபோர் வீல் லீவர் வெளியே வர மறுக்கும்போது, திரும்பிய அதே வளைவில் சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால் அது கழன்று வருவதற்கும் காரணம் இதுவே. வந்த வழியே திரும்பும்போது முறுக்கும் பிரிந்துவிடுகிறது. லீவரைக் காலால் உதைப்பவர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க்கைத்தான் வளைக்கிறார்கள்.

என் வண்டி நேர்ப்பாதையில் இறுகியது என்றால், நேராகப் போகும்போதே முன்னும் பின்னும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டாவது கிராஸ் உடைந்தபோது, கோரிமேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்பேனரை அப்பால வெச்சுட்டு ஒரு சாக்பீஸ் எடுங்க" என்றார். (சேலத்துக்காரர்களுக்கு இது எளிது என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஊரை ஒட்டியுள்ள வெள்ளைக் குன்றுகளை ஆங்கிலேயர் சாக் மலை என்று அழைத்தார்கள். அங்கே கிடைப்பது சாக் இல்லை, மேக்னசைட்.)

முதல் சோதனை டயருக்கு. நான்கிலும் ஒரே அளவு காற்று அடித்து, சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, முன் டயரும் பின் டயரும் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு இருவர் தள்ள, ஒவ்வொரு டயரும் ஐந்து முழுச் சுற்று முடித்த இடத்தில் மறுபடி கோடு. முன் டயர் 11 மீட்டர் 28 சென்டிமீட்டர், பின் டயர் 11 மீட்டர் 21 சென்டிமீட்டர். ஒரு விழுக்காடுகூட இல்லை. இதனால் கிராஸ் உடையாது. முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டிருந்தால் கதை வேறு. ஆரத்தில் 7 மில்லிமீட்டர் குறைந்தாலே வித்தியாசம் 2 விழுக்காடு ஆகிவிடும். அது கிலோமீட்டருக்கு 20 மீட்டர் வழுக்கல். டயர் மாற்றினால் நான்கையும் மாற்று என்று சொல்வதை வியாபாரப் பேச்சு என்று நானும் முன்பு நினைத்திருந்தேன்.

இரண்டாவது சோதனை ஆக்சிலுக்கு. இதைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பழைய ஜீப்புகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் நின்றபடியே இருக்க, டிஃபரன்ஷியலின் தயவால் தூக்கிய சக்கரம் பின்னோக்கியும் தரையிலுள்ள சக்கரம் முன்னோக்கியும் சுழலலாம். அதாவது ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போதே வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழலாம். தரையில் நிற்கும் சக்கரங்கள் அனைத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்காமல், ஸ்டாண்ட் கொடுக்காமல், சமதளம் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டயரிலும் ஷாஃப்டிலும் கோடு போட்டுக்கொண்டேன். மறு சக்கரம் அசையாமல் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். 5.38 என்று எழுதப்படும் விகிதம் உண்மையில் 43 பல் கிரவுனும் 8 பல் பினியனும் சேர்ந்தது. ஆகவே சக்கரத்தை 16 சுற்று சுற்றினால் கிரவுன் 8 சுற்றும், ஷாஃப்ட் சரியாக 43 சுற்றும் சுற்ற வேண்டும். பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான் டயரைச் சுற்ற, அடியில் படுத்திருந்த என் தங்கை மகன் ஷாஃப்டின் கோட்டைப் பார்த்து உரக்க எண்ணினான். பின் ஆக்சிலில் 43. முன் ஆக்சிலில் அவன் 39-இல் நின்றுவிட்டான். தவறவிட்டிருப்பான் என்று மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் 39.

வண்டியின் கடந்த காலம் அப்போதுதான் தெரிந்தது. எப்போதோ முன் ஆக்சில் பழுதாகி, வேறொரு மாடலின் ஆக்சிலை யாரோ பொருத்தியிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே 39-க்கு 8. இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில் சுழலும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட 10 விழுக்காடு வேகமாகச் சுழல முயலும். நேர்ப்பாதையில் கிலோமீட்டருக்கு 100 மீட்டர் வழுக்கியே தீர வேண்டும். கொண்டை ஊசி வளைவிலோ முன் சக்கரங்கள் 7.7 விழுக்காடு வேகமாகப் போவதுதான் முறை. இரண்டும் கழிந்து இரண்டரை விழுக்காடுதான் மிஞ்சியது. என் ஜீப் தன் வாழ்நாளில் நிம்மதியாக ஓடிய இடங்கள் அந்த 20 வளைவுகள்தாம். இரு சக்கர இயக்கத்தில் இந்தக் குறை சற்றும் தெரியாது என்பதால், விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரியான கிரவுன், பினியன் ஜோடியைத் தேடிப்பிடித்து, பொருத்தும் வேலையைப் பட்டறையிலேயே விட்டேன். பல்லும் பல்லும் எவ்வளவு ஆழத்தில் கடிக்கின்றன என்பதைச் சாயம் பூசிப் பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வது அனுபவக் கை செய்ய வேண்டிய வேலை. நான் வீட்டில் செய்தது கிராஸ் மாற்றியது மட்டுமே, அதிலும் ஒரு தவறு செய்தேன். கிராஸ் வழியாக ஒரு கோணத்தில் திரும்பும் ஷாஃப்ட், ஒரே சீரான வேகத்தில் சுழல்வதில்லை. 15 டிகிரிக் கோணத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை மூன்றரை விழுக்காடு வேகம் கூடியும் குறைந்தும் போகும். ஷாஃப்டின் மறுமுனையிலுள்ள கிராஸ் அதற்கு எதிராக ஏற்ற இறக்கம் செய்து சமன்படுத்துகிறது, இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக் என்ற கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால். ஷாஃப்டின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் இணைப்பை உருவி, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். குறிப்பிட்ட வேகத்தில் தரையெல்லாம் அதிர்ந்தது. உருவுமுன் இங்கும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் அரைநாள் மிச்சமாகியிருக்கும். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை உயர்த்த விரும்புவோரும் இந்தக் கோணத்தை நினைவில் கொள்ள வேண்டும். 20 டிகிரியில் ஏற்ற இறக்கம் 6 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

நான் மனமொப்பிச் செய்த ஒரே மாற்றம், முன் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் பொருத்தியது. கையால் திருகினால், சக்கரத்துக்கும் ஆக்சில் கம்பிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். பலர் டீசல் மிச்சமாகும் என்று இதைப் பொருத்துகிறார்கள்; எனக்குக் காரணம் இறக்கம். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவையும் பிரேக் டிரம்மில் இறக்கினால் லைனிங் பிடிப்பை இழக்கும். ஈரம் உறிஞ்சிய டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் இருந்த 205 டிகிரியிலிருந்து 140 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும். அது கொதித்தால் பெடல் பஞ்சாக அமுங்கும். இன்ஜினைக் கொண்டு தடுத்து இறங்குவதே வழி. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46 மடங்கு அதற்கு உதவும். ஆனால் இந்த அமைப்பில் ஃபோர் வீல் போடாமல் லோ போட முடியாதபடி உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. பெருகிய முறுக்கு விசை முழுவதும் பின் ஆக்சில் ஒன்றின் மேலேயே விழாமல் காப்பதற்காக வைத்தது. ஃபோர் வீல் போட்டால் தார் வளைவில் மேலே சொன்ன முறுக்கு. ஹப்பைத் திறந்துவிட்டு லோ போட்டால், முன் ஷாஃப்ட் வெறுமனே சுழலும், முறுக்கு சேராது, இன்ஜின் தடுப்பும் கிடைக்கும். பின் ஆக்சில் தனியாகச் சுமக்கிறது என்பதை மறந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ, மழையில் கிளட்சைச் சட்டென்று விட்டாலோ பின் சக்கரம் வழுக்கும் அபாயம் உண்டு.

பெரிய டயர் போடுவதைப் பற்றி என் கருத்து சுருக்கமானது. விட்டம் 7 விழுக்காடு கூடினால் இழுவை அந்த அளவு குறையும், அதே அளவு தடுக்கப் பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தாக வாங்க வேண்டும். அதோடு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பப்படி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

கிரவுன் மாற்றிய பிறகு ஜீப் வளைவில்தான் இறுகுகிறது. ஹப்பைப் பூட்டி ஃபோர் வீலில் முழுதாகத் திருப்பும்போது ஸ்டியரிங் வீலில் ஒரு மெல்லிய துடிப்பும் வருகிறது. பழைய ஜீப்புகள் பலவற்றில் முன் சக்கரத்தின் திருப்புக் கணுவிலும் இருப்பது சாதாரண கிராஸ்தான். அங்கே எதிர்முனையில் சமன்படுத்த இன்னொரு கிராஸ் கிடையாது. சக்கரம் 30 டிகிரி திரும்பியிருக்கும்போது அதன் வேகம் சுற்றுக்கு இருமுறை 13 விழுக்காடு குறைந்தும் 15 விழுக்காடு கூடியும் மாறும். இதைக் கோளாறு என்று நினைத்து ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும். அதே வளைவில் ஹப்பைத் திறந்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், துடிப்பு இல்லை. ஸ்டியரிங் பாக்ஸை நான் தொடவில்லை.