தடை செய்யப்பட்ட சுறா வலையில் சிக்கினால்

சுறா எல்லாவற்றுக்குமே தடை என்று இல்லை, சில வகைகளுக்குத்தான். 2001 ஜூலையில் மொத்தச் சுறா, திருக்கை இனங்களையும் வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் டிசம்பரில் பட்டியலைச் சுருக்கினார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2023 ஏப்ரல் 1 முதல் வந்த அட்டவணை. வரலாறு இவ்வளவு போதும்.

திமிங்கலச் சுறாவையும் வேளாவையும் (ரம்பம் போன்ற மூக்குள்ளது) தொடவே கூடாது. திருக்கை இனமான உழுவை மீனில்தான் சிக்கல்: சில வகைக்குத் தடை, சிலவற்றுக்கு இல்லை. பட்டியலோ விலங்கியல் பெயர்களில் இருக்கிறது. ஏலக்கூடத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி மீன் விற்பதில்லை. சந்தேகம் இருந்தால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வியாபாரி சொல்வதை நம்பாதீர்கள்.

உயிரோடு இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள். படகு எண் தெரிய செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் அறுத்த வலைக்கு நஷ்ட ஈடு உண்டு. அது அந்த மாநிலங்களின் ஏற்பாடு. இங்கே தமிழ்நாட்டிலும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் அரசாணை எண்ணைக் கேளுங்கள்.

செத்துப்போயிருந்தால் கரைக்கே கொண்டுவராதீர்கள். "தெரியாமல் விழுந்தது" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வனவிலங்குச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி தவறுதலாகச் செத்த மீனும் அரசின் சொத்து. தெரியாமல் கரைக்கு வந்துவிட்டால், கையில் வந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் அலைக்கழிப்பு தொடங்கும். மீன்வளத் துறை வனத் துறையைக் கைகாட்டும். அங்கே போனால் ரேஞ்சர் கேம்ப் போயிருப்பார். காவல் நிலையத்தில் "இது எங்க கேஸ் இல்லை" என்பார்கள். அது தவறு. அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே தகவல் தரலாம் என்று சட்டமே சொல்கிறது. மனுவை இரண்டு படியாக எழுதி, ஒன்றில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். மறுத்தால் அன்றைக்கே வனத் துறைக்குப் பதிவுத் தபால், ரசீது பத்திரம். 57ஆவது பிரிவின்படி குற்றமில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்; அதற்கு இதுதான் ஆதாரம்.

அப்புறம், "ஃபைன் கட்டிட்டுப் போ, கேஸ் வேண்டாம்" என்ற பேச்சு. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள மீனைப் பிடித்த குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். குறைந்தபட்சச் சிறை உள்ள வழக்கைப் பணம் வாங்கி முடிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. அப்படிக் கேட்கிற பணம் லஞ்சம்தான். கொடுத்தாலும் வழக்கு திரும்பி வரும்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மகஜரில் (கைப்பற்றியதை அதிகாரிகள் எழுதும் தாள்) எந்த மீன், எத்தனை, எங்கே பிடித்தது என்று எழுதியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். பிடித்து வைக்கப்பட்டவரையும் கைப்பற்றிய பொருளையும் தாமதமின்றி மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். படகை விடுவிக்கும் மனுவும் அங்கேதான், ரேஞ்சர் ஆபீஸில் அல்ல.

ஓனர் வைக்கும் வக்கீல் முதலில் படகைத்தான் பார்ப்பார். கூலிக்குப் போய்க் காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்கும். குடும்பத்தார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரே போய்க் கேட்கலாம்.