சோற்றைக் குறைத்தால் எடை குறையும், சரி. எத்தனை நாளைக்கு?

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைக் கீட்டோ, பேலியோ, லோ கார்ப் என்று எந்தப் பெயரில் ஆரம்பித்தாலும் முதல் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை எல்லாம் நின்று முட்டை, கறி, பனீர், பாதாம், நெய் என்று தட்டு மாறும். ஐந்தாறு நாள் கழித்து எடை மெஷினில் ஏறினால் இரண்டு கிலோ காணாமல் போயிருக்கும், சிலருக்கு மூன்று. வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்து குவியும். அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான், பெரும்பகுதி தண்ணீர்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் உடனே செலவாகாததைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கும். பெரியவர் ஒருவர் உடம்பில் இது மொத்தம் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் என்பதால், மாவுச்சத்து வரத்து நின்று இந்தச் சேமிப்பு கரையத் தொடங்கியதும் கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். அது போதாதென்று, மாவுச்சத்து குறைந்து இன்சுலின் அளவு இறங்கினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியே தள்ளும், உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். முதல் வாரத்துத் தலைவலி, கால் குடைச்சல், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியை ஒரு பிடி பிடித்தால் மறுநாள் ஒரு கிலோ திரும்பி வந்து நிற்பதும் இதே கணக்கில்தான்.

கிளைக்கோஜன் குறைந்த பிறகுதான் கீட்டோன் கதை ஆரம்பிக்கிறது. கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற சின்னச் சின்ன மூலக்கூறுகளாக மாற்றி ரத்தத்தில் விடும். மூளைக்குக் குளுக்கோஸ் தவிர வேறு எதுவும் ஆகாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1960களில் ஜார்ஜ் கேஹில் என்ற அமெரிக்க மருத்துவர், வாரக்கணக்கில் உணவில்லாமல் இருந்தவர்களின் ரத்தத்தை அளந்து பார்த்து, மூளை தன் தேவையில் பெரும்பங்கைக் கீட்டோனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். ஆக, மாவுச்சத்து இல்லாவிட்டால் மூளை நின்றுவிடும் என்று பயமுறுத்துவது சரியில்லை. அதே சமயம் இந்த நிலைக்குப் போவது சுலபமும் இல்லை, ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து, கறாராகச் செய்பவர்களுக்கு 20, 30 கிராம். 100 கிராம் வெந்த சோற்றிலேயே சுமார் 28 கிராம் இருக்கிறது.

கீட்டோவுக்கு மிக உறுதியான மருத்துவச் சான்று எடை குறைப்பில் இல்லை, வலிப்பு நோயில் இருக்கிறது என்பது ஏனோ இந்தக் குரூப்புகளில் அடிபடுவதே இல்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் இந்த உணவுமுறையை வலிப்பு நோயாளிகளுக்காகத்தான் முன்வைத்தார், கீட்டோஜெனிக் என்ற பெயரும் அவர் வைத்தது. பிறகு நல்ல மாத்திரைகள் வந்ததும் இதை ஓரம் கட்டிவிட்டார்கள். 2008இல் லண்டனில் மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 145 குழந்தைகளை வைத்து முறையாகச் சோதித்தபோது, மூன்று மாதத்தில் உணவுமுறைக் குழுவில் 38 சதவீதக் குழந்தைகளுக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது, வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்த குழுவில் 6 சதவீதம். அந்த உணவை எடை பார்த்துக் கிராம் கணக்கில் கொடுப்பார்கள், மருத்துவர் கூடவே இருப்பார். யூடியூப் பார்த்துத் தொடங்குகிற சமாச்சாரம் இல்லை அது.

சரி, எடைக்கு வருவோம். 2003இல் அமெரிக்காவில் 63 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது, ஒரு பாதிக்கு மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் அட்கின்ஸ் முறை, மறு பாதிக்கு வழக்கமான கொழுப்புக் குறைந்த உணவு. ஆறு மாதத்தில் அட்கின்ஸ் குழு தெளிவாக முன்னால் நின்றது. ஒரு வருடத்தில் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு இருபது வருடங்களாக வந்த பெரும்பாலான ஆய்வுகளில் திரும்பத் திரும்ப இதே வளைவைத்தான் பார்க்கிறோம், ஆறாவது மாதத்தில் வெற்றிக்கொடி, பன்னிரண்டாவது மாதத்தில் சமன். யாராவது ஓர் ஆய்வைக் காட்டி வாதாடினால் நான் முதலில் பார்ப்பது அது எத்தனை மாதம் ஓடியது என்பதைத்தான்.

இதில் இஸ்ரேலின் டிமோனாவில் நடந்த ஆய்வு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது நடந்த இடம் ஓர் அணு ஆராய்ச்சி மையத்தின் கேன்டீன். உள்ளே வேலை பார்ப்பவர்கள் மதியம் வெளியே போய்ச் சாப்பிட முடியாது, அங்கே பிரதான சாப்பாடே மதியச் சாப்பாடுதான். 322 பேரை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் முன்னால் எந்தக் குழு எதை எடுக்கலாம் என்று நிற அட்டை வைத்து, இரண்டு வருடம் ஓட்டினார்கள். கொழுப்புக் குறைந்த உணவுக் குழு சராசரியாக 2.9 கிலோ இறங்கியது, மத்தியதரைக்கடல் பாணி உணவுக் குழு (காய்கறி, மீன், ஆலிவ் எண்ணெய் என்று போவது) 4.4, மாவுச்சத்துக் குறைந்த குழு 4.7. நல்ல வித்தியாசம்தான். ஆனால் இதற்கு மேல் நான்கு வருடம் கழித்து அதே ஆட்களை மறுபடி பிடித்து எடை பார்த்தார்கள். ஆறு வருடக் கணக்கில் மத்தியதரைக்கடல் குழு 3.1 கிலோ குறைவாக நின்றது, லோ கார்ப் குழு 1.7.

2018இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தது. யாருக்கு எது ஒத்துப்போகும் என்பதை மரபணுவும் இன்சுலின் சுரப்பும் முன்கூட்டியே சொல்லிவிடுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. சொல்லவில்லை. வருட முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ, புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. ஆனால் இரண்டு குழுவிலும் 25 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களும் இருந்தார்கள், எடை கூடிப்போனவர்களும் இருந்தார்கள். சராசரிக்குள் இவ்வளவு பெரிய சிதறல் ஒளிந்திருப்பதால்தான் "எனக்கு வேலை செய்தது" என்பவரும் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பவரும் இருவருமே உண்மை பேசுகிறார்கள். இன்னொன்று, லோ கார்ப் குழுவை நாளைக்கு 20 கிராமில் தொடங்கச் சொன்னார்கள், வருட முடிவில் அவர்கள் சராசரியாகச் சாப்பிட்டது 130 கிராம் சொச்சம். வகுப்பு நடத்தி, உணவியலாளர் கூடவே இருந்து வழிநடத்தியவர்களுக்கே இந்தக் கதி.

பழையபடி நழுவுவதுதான் பிரச்சினை, உணவுமுறையில் கோளாறு இல்லை என்று கீட்டோ ஆதரவாளர்கள் சொல்வார்கள். இன்சுலின் இறங்கினால் கொழுப்புக் கிடங்கின் கதவு தானாகத் திறக்கும், அதே கலோரி சாப்பிட்டாலும் உடம்பு கூடுதலாக எரிக்கும் என்பது அவர்களுடைய கோட்பாடு. நழுவவே முடியாத இடத்தில் ஆட்களை வைத்தால் இதைச் சோதித்துவிடலாம் இல்லையா? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் அதைத்தான் செய்தார். 17 ஆண்களை இரண்டு மாதம் ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்து, முதல் நான்கு வாரம் சாதாரண உணவு, அடுத்த நான்கு வாரம் அதே கலோரியில் கீட்டோ. வாரத்தில் இரண்டு நாள் காற்றுப் புகாத சிறிய அறைக்குள் அடைத்து, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளந்தார்கள். வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால், மாவுச்சத்து எரியும்போது விடை 1 வரும், கொழுப்பு எரியும்போது சுமார் 0.7 வரும். அதாவது உடம்பு எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பதை மூச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. கீட்டோவுக்கு மாறிய சில நாட்களிலேயே இன்சுலின் ஏறக்குறைய பாதியாகிவிட்டது, உடம்பும் கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் எரிப்பது அதிகரித்ததென்னவோ நாளைக்கு 57 கலோரி அளவுக்குத்தான், அதுவும் போகப் போக மங்கியது. உடம்புக் கொழுப்பு கரையும் வேகமோ கூடவில்லை, சற்றுக் குறைந்தது. உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்பது உண்மை, ஆனால் அதில் பெரும்பங்கு காலையில் சாப்பிட்ட நெய், இடுப்பைச் சுற்றியிருப்பது இல்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே இன்சுலின் கோட்பாட்டை நம்பியவர்கள் தொடங்கிய அமைப்பு என்பது கூடுதல் சுவாரசியம்.

அப்படியானால் முதல் ஆறு மாதம் எடை ஏன் இறங்குகிறது? இரண்டு கிலோ தண்ணீர் போக மீதி, பெரும்பாலும் குறைவாகச் சாப்பிடுவதால்தான். புரதம் கூடினால் பசி அடங்கும், முறுக்கு, மிக்சர், பிஸ்கட், டீயில் சர்க்கரை என்று கணக்கில் வராமல் உள்ளே போவதெல்லாம் நின்றுபோகும், தெரிவு குறைந்தாலே சாப்பாடும் குறையும். ஆனால் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 2021இல் ஹால் குழு 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த அசைவ உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுப் பார்த்தது. தாவர உணவில் இருந்தபோது நாளைக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே தாவர உணவில் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் அதிகமாக ஏறி இறங்கின. இன்சுலின் ஏறினால் பசி கூடும் என்ற கோட்பாட்டுக்கு இது நேர்மாறு.

சர்க்கரை நோய் விஷயத்தில் லோ கார்ப் ஆய்வுகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ரத்தச் சர்க்கரை ஏறுவதே மாவுச்சத்தால் என்கிறபோது அதைக் குறைத்தால் இறங்கத்தானே செய்யும். 2021இல் 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் லோ கார்ப் குழுவில் 57 சதவீதம் பேருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது, மற்ற குழுவில் 31 சதவீதம். ஒரு வருடத்தில் இந்த வித்தியாசமும் சுருங்கியது, பழைய வளைவுதான். ஆனால் ஒரு முக்கியமான சங்கதி, கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போட்டுக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி, ரத்தச் சர்க்கரை பார்க்க நார்மலாக இருக்கும்போதே கீட்டோன் எகிறி ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுக்க டாக்டர் இல்லாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது.

ரத்தக் கொழுப்பு அறிக்கையில் டிரைகிளிசரைடு இறங்கும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் கொஞ்சம் ஏறும், இது பெரும்பாலான ஆய்வுகளில் வருவது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், நெய்யும் வெண்ணெயும் கறிக்கொழுப்புமாகப் போனால் சிலருக்கு, முக்கியமாக ஒல்லியானவர்களுக்கு, 200ஐத் தாண்டிவிடும். அது நல்ல எல்டிஎல், பெரிய துகள், பயப்பட வேண்டாம் என்று குரூப்பில் யாராவது சமாதானம் சொல்வார்கள். இதய மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை.

நீண்ட காலக் கணக்கு என்றால் அமெரிக்காவில் 15,428 பேரைச் சுமார் 25 வருடம் தொடர்ந்த ஆய்வு 2018இல் வந்தது. கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவு, அதற்கு ரொம்பக் கீழே போனாலும் 70க்கு மேலே போனாலும் கூடியது. கீழே போனவர்களிலும் அந்த இடத்தைக் கறியால் நிரப்பியவர்களுக்கு மோசம், காய்கறி, கொட்டை வகைகளால் நிரப்பியவர்களுக்கு நன்மை. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, சோதித்துப் பார்த்தது இல்லை, ஆகவே காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மேல்நாட்டுச் சண்டை எல்லாம் 50 சதவீதத்திலிருந்து 10க்குப் போகலாமா என்பது பற்றி. நம் ஊரில் ஆரம்பமே வேறு. சென்னை டாக்டர்கள் அஞ்சனா, மோகன் குழு ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிலிருந்து மீள அவர்கள் கணக்கிட்டுச் சொன்ன அளவு 49 முதல் 54 சதவீதம், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி. நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடும் ஒருவர் 62இலிருந்து 50க்கு இறங்க வேண்டுமானால் 54 கிராம் மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், அதாவது சுமார் 200 கிராம் வெந்த சோறு. அந்த இடத்தில் பயறோ பருப்போ தயிரோ வந்தால் ஆபத்து குறைவதைத் தரவுகளில் பார்த்திருக்கிறார்கள். சோற்றை விட்டுவிட்டு அதே அளவுக்குக் கோதுமையோ கம்பு, கேழ்வரகோ சாப்பிட்டால், மொத்த மாவுச்சத்து குறையாத வரை, அப்படி எந்தப் பலனும் அவர்களுக்குத் தென்படவில்லை. ராத்திரி நான்கு சப்பாத்திக்கு மாறிவிட்டேனே, ஏன் சுகர் இறங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.