தண்ணீர் வராத அடிபம்பும் எஃப்.எஸ்.எச். 62-ம்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 32. ஏழு மாதமாக மாதவிலக்கு இல்லை, கர்ப்பமும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் 62 என்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் 70. "சினைப்பையின் வேலை குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். ரிப்போர்ட்டிலோ ஹார்மோன் எக்கச்சக்கமாக இருக்கிறது. அதைக் குறைக்க மருந்து தராமல் இன்னொரு ஹார்மோன் மாத்திரையை ஏன் தருகிறார்?" என்பது அவருடைய கேள்வி. இந்த வருடம் எனக்கு வந்தவற்றில் இதுதான் நல்ல கேள்வி.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஆறு குடித்தனங்களுக்கு ஒரே அடிபம்பு இருந்த வீட்டில். விடியற்காலையில் பாயில் படுத்தபடியே தண்ணீர் வருகிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். வந்தால் அடி நிதானமாக விழும். வராவிட்டால் கை பறக்கும், பம்பு அலறும். அதிகச் சத்தம் என்றால் குடம் காலி என்று பொருள். எஃப்.எஸ்.எச். பரிசோதனையும் அந்தச் சத்தத்தைக் கேட்பதுதான்.

எஃப்.எஸ்.எச். சினைப்பையில் சுரப்பதல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி அதைச் சுரக்கிறது. சினைப்பையிலுள்ள நுண்பைகளை, அதாவது முட்டையும் அதைச் சுற்றிய செல்களும் அடங்கிய சிறு குமிழ்களை, வளரச் சொல்லும் உத்தரவு அது. வளரும் நுண்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். "போதும், நிறுத்து" என்று அது மேலே போய்ச் சொன்னதும் உத்தரவு தணியும். இதுவரை பள்ளிப் பாடம்.

பாடத்தில் அதிகம் பேசாத இன்னொரு ஹார்மோன் உண்டு: இன்ஹிபின் பி. சிறிய நுண்பைகளைச் சுற்றியிருக்கும் செல்கள் இதைச் சுரக்கின்றன. பிட்யூட்டரியின் மற்ற வேலைகளில் இது தலையிடாது; எஃப்.எஸ்.எச்.சை மட்டும் குறிபார்த்து அடக்கும். நுண்பைகள் குறையத் தொடங்கும்போது முதலில் சரிவது இதுதான். அதனால் ஈஸ்ட்ரோஜன் இன்னும் சரியாக இருக்கும் நாட்களிலேயே எஃப்.எஸ்.எச். மெல்ல ஏறத் தொடங்கிவிடும். குடத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் நிலத்தடியில் மட்டம் இறங்கியது அடிக்கிற கைக்கு முன்னமே தெரிந்துவிட்டது! பிறகு ஈஸ்ட்ரோஜனும் குறைந்ததும் இரண்டு கடிவாளங்களும் அறுந்துவிடுகின்றன. பிட்யூட்டரி விடாமல் அடிக்கிறது. 62 என்பது அந்த அடியின் வேகம்.

அடிபம்பு என்று நான் சொல்வது உவமைக்காக மட்டும் அல்ல. பிட்யூட்டரியை இயக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதாலமஸ் தன் ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாகத்தான் அனுப்புகிறது. எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளர் 1970-களில் குரங்குகளிடம் இதைக் காட்டினார். மணிக்கொரு முறை கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் மௌனமாகிவிட்டது. கைப்பிடியை அழுத்தியபடியே வைத்திருந்தால் எந்தப் பம்பில் தண்ணீர் வரும்?

வீணாகப் பொங்கும் இந்த எஃப்.எஸ்.எச். சிறுநீரிலும் போகிறது. மாதவிடாய் நின்ற இத்தாலியக் கன்னியாஸ்திரிகளின் சிறுநீரை மடங்களிலிருந்து சேகரித்து, அதிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்து மருந்தாக்கினார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962-இல் இஸ்ரேலில் பிறந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அருவருப்பால் அல்ல, மகிழ்ச்சியால்.

சரி, நோய்க்கு வருவோம். சினைப்பை வயதுக்கு முன்பே செயல் குறைவது என்பது அதன் பெயர். 40 வயதுக்கு முன், குறைந்தது நான்கு மாதம் மாதவிலக்கு நின்றோ தாறுமாறாகவோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால் இந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள். நான்கு வார இடைவெளியில் இரண்டு பரிசோதனை வேண்டும் என்பது பழைய விதி. 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி ஒன்றே போதும். சந்தேகம் இருந்தால் மட்டும் இன்னொன்று. நூறு பெண்களில் மூன்று நான்கு பேருக்கு இது வருவதாக அதே வழிகாட்டுதல் சொல்கிறது. குரோமோசோம் குறைபாடு, எஃப்.எம்.ஆர்.1 மரபணு மாற்றம், உடல் தன் சுரப்பிகளையே தாக்குவது, புற்றுநோய் சிகிச்சை, சினைப்பை அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலோருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. மாதவரத்திலிருந்து ராயபுரம் வரை சிக்னலுக்குச் சிக்னல் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகை நிற்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது காரணத்தைத் தேடும் ஆராய்ச்சிக்குப் போனால் என்ன என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

மாத்திரை ஏன்? ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்குக்கு மட்டுமானதல்ல. எலும்பு, இதயம், ரத்தக்குழாய், தூக்கம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 32 வயதில் அது நின்றால் எலும்பு 50 வயதுக்காகக் காத்திருக்காது. ஆகவே இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, ஏறக்குறைய 50 வரை, ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து தருகிறார்கள். கருப்பை இருப்பவர்களுக்கு அதன் உட்சுவர் தடிக்காமலிருக்க புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேரும்.

"ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் தரும் என்கிறார் மாமியார்" என்றும் வாசகி எழுதியிருக்கிறார். அந்தப் பயம் பெரும்பாலும் 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. உங்களுக்குக் கூடுதலாக எதுவும் தரப்படவில்லை. உங்கள் வயதுத் தோழியின் உடலில் தானாக இருப்பதைத்தான் ஈடு செய்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

தோஷம், பரிகாரம் என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறதாம். திருவொற்றியூர் வடிவுடையம்மனைக் கும்பிடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, என் அம்மாவும் போவார். ஆனால் பரிகாரம் பலிக்கட்டும் என்று மாத்திரையை ஆறு மாதம் தள்ளிவைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரையும் மலடி என்று சொல்ல இந்த ரிப்போர்ட் உரிமை தருவதும் இல்லை. சினைப்பை இடையிடையே விழித்துக்கொள்வதுண்டு. இந்த நிலையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை தாமாகவே கருத்தரிக்கிறார்கள். தானமாகப் பெற்ற முட்டையிலும் வழி இருக்கிறது. கருத்தரிப்பு சிகிச்சைக்கான நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம்.

கடைசியாக, மாதாமாதம் எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். கடிவாளங்களில் மாத்திரை திருப்பித் தருவது ஈஸ்ட்ரோஜனை மட்டும். இன்ஹிபினை யாரும் மாத்திரையாகத் தருவதில்லை. இரண்டு கடிவாளங்களில் ஒன்றுதான் திரும்புகிறது. எனவே மருந்து நன்றாக வேலை செய்தாலும் அந்த எண் முழுதாக இறங்காது, அதைப் பார்த்து நீங்கள்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். அந்தப் பணத்துக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.