வக்காலத்துக் கொடுத்தபின் வழக்கை மறந்துவிடாதீர்கள்

நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை நீதிமன்றங்களில் சொத்து வழக்குகளை நடத்தி வரும் வக்கீலான எனக்கு மிகவும் வேதனை தருவது, தோற்றதே தெரியாமல் தோற்றுப்போனவர்களின் நிலைதான். மகன் வளைகுடாவில் இருக்க, தனியாக வழக்கைக் கவனித்து வந்த ஒரு தாய், தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்ற ஊழியரான அமீனா வீட்டுக்கு வந்த பிறகே என்னைத் தேடி வந்தார். அவர் கையில் இருந்தவை பழைய சம்மனும், ஃபீஸ் தொகையை எழுதிய ஒரு துண்டுச் சீட்டும்தான். வழக்குக்குப் பதிலாகத் தர வேண்டிய எதிருரை தாக்கலாகாததால் எக்ஸ்பார்ட்டி (வராத தரப்பு) ஆக்கப்பட்டு, ஒருதலைத் தீர்ப்பாகி ஓராண்டுக்கு மேல் கடந்திருந்தது.

அத்தகைய தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவை, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படாதிருந்தால் (உரியவரிடம் சேர்க்கப்படாதிருந்தால்) மட்டுமே, தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்தக் காலம் கணக்கிடப்படும். அதைக் கடந்தவர்கள் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட்டு, தகுந்த காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். வக்கீல் ஆஜராகாத தவறுக்காகக் குற்றமற்ற கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆனாலும், தன் வழக்கைப் பற்றி ஒருமுறைகூட விசாரிக்காதவருக்கு அந்தத் தீர்ப்பு தானாகக் கைகொடுத்துவிடாது.

ஆகவே, வக்காலத்தில் கையெழுத்திடும் நாளிலேயே வழக்கு எண்ணையும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாளமான சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அந்த சி.என்.ஆர். எண்ணை, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் கைபேசிச் செயலியில் இட்டால், அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். துபாயில் இருக்கும் மகனுக்கும் அது இயலும்.

வக்கீலை மாற்ற நினைப்பவர்களில் பலர், ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டு கிடைக்காது என்று அஞ்சியே தயங்குகிறார்கள். பாக்கிக்காக வழக்கு ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கியைத் தனியே வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும். எழுத்து மூலமாகவே கட்டைக் கேளுங்கள்.

வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தொழில்முறைத் தவறு நடந்திருந்தால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் அந்தப் புகார், இழந்த தீர்ப்பை மாற்றித் தராது. ரத்து மனுவைத் தாமதமின்றித் தனியே தாக்கல் செய்தாக வேண்டும். புதிய வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு.