பிட்ச் என்றால் சுருதியா, சாய்வா?

இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றிய தமிழ்க் காணொளிகளில் 'மாறும் சுருதி விசிறி' என்று அடிக்கடி காதில் விழுகிறது. 'வேரியபிள் பிட்ச் புரொப்பெல்லர்' என்பதில் வரும் பிட்ச்சை இசையின் பிட்ச்சாக நினைத்துச் சுருதி ஆக்கிவிட்டார்கள். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் கச்சேரிக்கா போனது? இந்தக் கணக்கில் 'கோர்ஸ் பிட்ச்' கரடுமுரடான சுருதி ஆகிவிடும்.

பிட்ச் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எறிதல், ஊன்றுதல் என்பவை பழைய பொருள்கள். அது கிடக்கட்டும். திருகு ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு உள்ளே இறங்குகிறதோ அதுதான் அதன் பிட்ச். விமான விசிறியும் காற்றில் இறங்கும் திருகுதான். வழுக்காமல் போனால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே கணக்கு.

சுருதியாவது இயந்திர மொழிபெயர்ப்பின் கூத்து. விவரம் தெரிந்தவர்களே 'சாய்வு' என்று எழுதுவதுதான் எரிச்சல். விசிறி இதழ் நெடுகிலும் முறுக்கியிருக்கும்: அடியில் செங்குத்தாக, நுனியில் படுத்தபடி. நுனி பெரிய வட்டம் சுற்றுவதால் அதே தூரம் முன்னேற அதற்குக் குறைந்த கோணம் போதும். அப்படியானால் எந்த இடத்துச் சாய்வு? கோணத்தைக் குறிப்பிடும்போது மையத்திலிருந்து எத்தனை தூரத்தில் அளந்தது என்றும் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். அதை இதழ்க்கோணம் என்று சொல்லுங்கள், சண்டையில்லை. தவிர, விமானம் ஒரு பக்கம் சரிவதையும் சாய்வு என்றே எழுதுகிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்.

இத்தனைக்கும் சொல் கையிலேயே இருக்கிறது. பள்ளியில் திருகு அளவியைத் தொட்டவர்கள் எல்லாம் படித்த 'புரியிடைத் தூரம்'. புரி என்றால் முறுக்கு. வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் இருப்பது அதே புரி. விமானத்துக்குப் புரியிடை என்று சுருக்கிக்கொள்ளலாம். கோர்ஸ் பிட்ச் கூடிய புரியிடை, ஃபைன் பிட்ச் குறைந்த புரியிடை.

ஸ்பிட்ஃபயரின் தொடக்க கால மர விசிறியில் புரியிடை மாறாது. அடுத்து வந்த, டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மூவிதழ் விசிறியில் இரண்டு நிலைகள்: கிளம்பக் குறைந்தது, பறக்கக் கூடியது. 1940 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் தன் ஸ்பிட்ஃபயரில் கூடிய புரியிடையிலேயே ஓடுபாதையில் கிளம்பினார். பைக்கை நான்காவது கியரில் எடுப்பது மாதிரி. மேலெழ வேகம் கிடைக்காமல் விமானம் மோதி நொறுங்கியது. அவர் பிழைத்தார்.

அந்த ஜூன் கடைசியிலிருந்து டி ஹாவிலண்ட் ஆட்கள் விமானதளங்களுக்கே போய், ஆகஸ்ட் நடுவுக்குள் ஸ்பிட்ஃபயர், இன்னொரு போர் விமானமான ஹரிக்கேன் உள்ளிட்ட 1000-க்கும் மேற்பட்ட விமானங்களில் 'கான்ஸ்டன்ட் ஸ்பீட்' வசதியைப் பொருத்தினார்கள். இதை 'நிலைவேக விசிறி' என்கிறார்கள். யாருடைய வேகம்? விமானம் ஒரே வேகத்தில் போகும் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்! மாறாமல் இருப்பது எஞ்சினின் சுழல்வேகம். அதைக் காக்க, கவர்னர் என்ற கருவி புரியிடையைத் தானே கூட்டிக் குறைக்கும். (நல்ல வேளை, இதை யாரும் இன்னும் ஆளுநர் ஆக்கவில்லை.) 'சுழல்வேகம் மாறா விசிறி' என்று எழுதினால் கொஞ்சம் நீளம்தான், ஆனால் எது மாறாதது என்ற குழப்பம் வராது.