‘இசைக் காட்சி’ அல்ல, இசைக்களம்

“சென்னையின் உள்ளூர் இசைக் காட்சி வளர்ந்துவருகிறது.” “அவர் நீண்ட காலமாக இசைக் காட்சியில் இருக்கிறார்.” “காட்சியில் இருப்பவர்களுக்கு இசை ஏன் முக்கியம்?” மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும், பேட்டிகளின் துணைவரிகளிலும், இசை விழா அறிவிப்புகளிலும் இப்போது இந்த ‘இசைக் காட்சி’ ஓயாமல் வருகிறது. ‘மியூசிக் சீன்’ என்பதைத் தமிழாக்கியிருக்கிறார்களாம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் ஏதோ படத்தில் பாட்டு வரும் இடம் என்று நினைப்பார், அல்லது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நிகழ்ச்சி என்று நினைப்பார். ஓர் ஊரில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், கருவி செய்கிறவர்கள், கற்றுக்கொடுக்கிறவர்கள், விடாமல் வந்து கேட்கிறவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து உண்டாக்கும் ஒன்றைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

‘சீன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘ஸ்கேனே’ என்றால் கூடாரம். நாடகம் நடக்கும் இடத்துக்குப் பின்னால் நடிகர்கள் உடைமாற்ற நிறுத்திய கொட்டகைக்கும், பிறகு அதே இடத்தில் எழும்பிய கட்டடத்துக்கும் அந்தப் பெயர் ஆயிற்று. அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நாடகத்தின் ஒரு பகுதி, நிகழ்விடம், கண்ணில் படும் தோற்றம் என்று பொருள் விரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ஜாஸ் வட்டாரத்தில் அது தங்கள் ஆட்களையும் தங்கள் இடங்களையும் சேர்த்துச் சொல்லும் பேச்சுவழக்காயிற்று. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் வில் ஸ்ட்ரா 1991இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆய்வுலகத்திலும் நிலைத்துவிட்டது. ‘கண்ணால் பார்ப்பது’ என்பது இத்தனை பொருள்களில் ஒன்று மட்டும்தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

‘காட்சி’ காண் என்ற வினையிலிருந்து வந்த நல்ல தமிழ்ச்சொல். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காட்சி என்றால் காண்பவர் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அவர் பார்க்கிறார், அது தெரிகிறது. பார்ப்பவருக்கு இசை ஒரு பொழுதுபோக்கு, பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகலாம். உள்ளே இருப்பவருக்கு அது அப்படியா? சாப்பாடு, பெயர், கடன், உறவு, பகை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ‘காட்சியில் இருப்பவர்களுக்கு இசை ஏன் முக்கியம்’ என்று எழுதிய கையோடு அந்தக் கேள்விக்கான பதிலும் மறைந்துவிடுகிறது.

வடசென்னையில் ஒரு சாவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க மரண கானா நடக்கிறது. பாடுகிறவர் இறந்தவரின் பெயரைக் கேட்டுக்கொள்கிறார், பிள்ளைகளின் பெயரையும், அவர் பார்த்த வேலையையும் கேட்டுக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் அவையெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. மீன் ஏலம் விட்டவரோ ரிக்‌ஷா ஓட்டியவரோ, உயிரோடு இருந்தபோது அவர் பெயரை ஒரு மேடையிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இரவில் தாளத்தோடு, தெரு முழுக்கக் கேட்கும்படி, அவர் பெயர் பாடப்படுகிறது. அதுவரை அழாமல் இருந்த மகன் அந்த இடத்தில்தான் உடைகிறான். அந்தக் குடும்பத்துக்கு இசை ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? அங்கே ‘காண்பவர்’ யார்? சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அழுகிறார்கள், கூடப் பாடுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், பாடகருக்குப் பணம் சேர்க்கிறார்கள். இதைக் ‘கானா காட்சி’ என்று எழுத எப்படி மனசு வருகிறது?

சரி, காட்சி வேண்டாம், வேறு என்ன என்று கேட்டால் சிற்றிதழ் பக்கம் இருப்பவர்கள் உடனே சொல்வது ‘இசைச்சூழல்’. காட்சியைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதை நான் ஏற்கவில்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சூழல் என்பது சூழ்ந்திருப்பது, நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருப்பது. சுற்றுச்சூழல் என்று சொல்லும்போது காற்றையும் நீரையும் மரத்தையும் சொல்கிறோம். அதை யாரும் கூட்டம் போட்டு உண்டாக்கவில்லை. ஆனால் ஓர் ஊரின் இசை தானாக வந்து சூழ்ந்துகொள்வதில்லை. யாரோ மண்டபம் பிடிக்கிறார், யாரோ கைக்காசு போட்டு மைக் செட் சொல்கிறார், யாரோ ஒரு பையனுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். சூழல் என்றதும் இவர்கள் எல்லோரும் காணாமல்போய்விடுகிறார்கள். அப்புறம், குறைசொல்ல மிக வசதியான சொல் அது. ‘தமிழ்ச் சூழலில் இதற்கெல்லாம் இடமில்லை’, ‘நம் சூழல் அப்படி’ என்று விமர்சகர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள். யார் இடம் தரவில்லை, எந்த ஆண்டில், எந்த அரங்கில் என்று ஒருவரும் சொல்வதில்லை. மழை பெய்யாததற்கு வானத்தைச் சொல்வதுபோல் சூழலைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் பெயரை விழுங்குவதற்குத்தான் அந்தச் சொல் பயன்பட்டுவருகிறது.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கலைஞராவது ‘சூழலில் இருபது வருஷமாக இருக்கிறேன்’ என்று பேசி யாராவது கேட்டதுண்டா? அவர்கள் சொல்வது ‘ஃபீல்டுல இருபது வருஷமா இருக்கேன்’. ‘அவர் இப்ப ஃபீல்டுல இல்ல’, ‘புதுசா ஃபீல்டுக்கு வந்த பையன்’ என்கிறார்கள். தவில்காரர் சொல்கிறார், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் சொல்கிறார், கானா பாடுகிறவரும் சொல்கிறார். ஃபீல்டு என்றால் தமிழில் களம். வாய்ப்பேச்சில் மக்கள் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்குத்தான் காதில் விழவில்லை.

‘இசையுலகம்’ பத்திரிகைச் சொல், உலகம் என்றதும் ஊர் போய்விடுகிறது. ‘இசைச் சமூகம்’ என்பதை இந்த மண்ணில் யோசிக்காமல் எழுதக் கூடாது. இங்கே ‘எந்தச் சமூகம்?’ என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ‘சீன்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு, ஆனால் ‘சீன் போடாதே’ என்பது தெருவுக்குத் தெரு புழங்கும்போது அது வேறு பொருளில் நமக்குச் சொந்தமாகிவிட்டது.

ஆக, களம். இது நான் ஆக்கிய சொல் இல்லை. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டபோது ஆங்கில நாடக அமைப்பைப் பின்பற்றி அதை அங்கங்களாகவும் அவற்றின் உட்பிரிவுகளாகவும் பிரித்தார். அந்த உட்பிரிவுக்கு அவர் வைத்த பெயர் களம். முதல் அங்கம், முதற் களம் என்றுதான் நாடகம் தொடங்குகிறது. ‘சீன்’ என்ற சொல்லுக்கு ஒரு தத்துவப் பேராசிரியர் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே களம் என்று எழுதிவைத்திருக்கிறார். நாடகத்தில் பிறகு காட்சி என்பது பழகிவிட்டது, இருக்கட்டும். இசையைப் பற்றி எழுதும்போதாவது அந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொள்வதில் என்ன தடை?

அதற்கும் முன்னால் போனால், பாட்டோடு களத்துக்கு உள்ள உறவு இன்னும் நெருக்கம். பொருநர் எனப்பட்ட பழைய கலைஞர்களை ஏர்க்களம் பாடுநர், போர்க்களம் பாடுநர், பரணி பாடுநர் என்று உரையாசிரியர்கள் வகைப்படுத்துகிறார்கள். நெல்லடிக்கும் களத்தில் பாட்டு உண்டு, பாடியவருக்கு அங்கேயே நெல்லில் பங்கும் உண்டு. தெருக்கூத்தில் ஆடும் இடத்துக்குப் பெயர் களரி. மட்டக்களப்புக் கூத்தில் அது வட்டக்களரி, ஊர் சனம் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ‘ஸ்கேனே’ என்ற சொல் எந்தப் பின்கட்டடத்தில் பிறந்ததோ, அந்தக் கட்டடமே வட்டக்களரியில் இல்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் இங்கே சொல்ல வேண்டும். மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லவந்த இளங்கோ உடனே மேடைக்குப் போகவில்லை. ஆடலாசிரியன் எப்படிப்பட்டவன், இசையாசிரியன் எப்படிப்பட்டவன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழல் ஊதுபவன், யாழ் வாசிப்பவன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் வரிசையாகச் சொல்கிறார். அதன் பிறகுதான் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவு வருகிறது, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகள் வருகின்றன. முதலில் ஆட்கள், அப்புறம் திரை. ‘இசைக் காட்சி’ என்று எழுதுகிறவர்கள் ஆட்களை விட்டுவிட்டுத் திரையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

களம் என்றால் சண்டை வாடை அடிக்கிறதே, தேர்தல் களம், போர்க்களம் என்றல்லவா நினைவு வருகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். வாடை இருக்கிறதுதான். இசையில் சண்டை இல்லையா என்ன? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக மறு ஆண்டு மியூசிக் அகாதெமி பிறந்தது. தமிழில் பாட்டு எங்கே என்ற கேள்வி மூண்டு, 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அந்த வாதத்தில் பத்திரிகைகளும் வித்வான்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள். 2015இல் சென்னையின் மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையோரமாகக் கச்சேரியும் பரதமும் பறையும் ஒரே விழாவில் வந்தபோது, யாருடைய இசை யாருடைய இடத்தில் என்று மறுபடி பேச்செழுந்தது. 2018 ஜனவரியில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துக்கொண்டு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சாதியெதிர்ப்பு இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியது. உள்ளே இருப்பவர்களுக்கு இசை எவ்வளவு முக்கியம் என்பதை இந்தச் சண்டைகளில்தான் பார்க்க முடிகிறது. முக்கியமில்லாத ஒன்றுக்காக யாரும் இப்படி மல்லுக்கு நிற்க மாட்டார்கள். அந்த வாடை சொல்லில் இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

கல்லூரிப் பக்கமிருந்து வரும் தடை ஒன்று: களம் என்பது சமூகவியலில் ‘ஃபீல்டு’க்கு ஒதுக்கிய கலைச்சொல், குழப்பம் வருமே என்கிறார்கள். கலைச்சொல் அகராதிக்காரர்களின் இந்தப் பழக்கம்தான் எனக்குப் புரிவதில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று பெட்டிபோட்டுப் பூட்டிவிட்டு, மக்கள் நாவில் புழங்குவதைத் தொடக் கூடாது என்பார்கள். களப்பணி, ஆடுகளம், களநிலவரம் என்று எத்தனையோ இடத்தில் வரும் சொல் இது. யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, பக்கத்துச் சொல் பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கோளாறு இசையோடு நிற்கவில்லை என்பதுதான் பெரிய வருத்தம். துப்பறியும் தொடர்களின் துணைவரிகளில் ‘கிரைம் சீன்’ என்பது ‘குற்றக் காட்சி’ என்று வருகிறது. நம் காவல் நிலையத்தில் எந்தக் காவலரும் ‘சம்பவ இடம்’ என்றுதான் எழுதுவார், நாளிதழும் அப்படித்தான் அச்சிடும். ‘சம்பவ இடத்துக்கு விரைந்த போலீசார்’ என்பதைப் படிக்காத தமிழர் உண்டா? அந்தச் சொல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். இப்போது அதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, வந்ததைத் திருத்தாமல் விடுகிறார்கள். கூலி குறைவு, நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ‘காட்சியில் இருக்கிறார்’ என்பது காதில் விழுந்ததுமே உறுத்த வேண்டாமா?

களம் என்று எழுதினால் யார் யாரெல்லாம் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். நாகசுரத்துக்கு நரசிங்கம்பேட்டை, 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் முனையில் செருகி ஊதும் சீவாளிக்குத் திருவாவடுதுறை. ஆற்றங்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை வெட்டி, காயவைத்து, வேகவைத்து, பக்குவம் பார்த்து மடித்து நூலால் கட்ட வேண்டும். விரல் நீளம்கூட வராது. அது சரியில்லையென்றால் எப்பேர்ப்பட்ட வித்வானும் ஊத முடியாது, அதனால்தான் நாகசுரத்தில் நான்கைந்து சீவாளிகள் எப்போதும் தொங்குகின்றன. அதைக் கட்டியவர் மேடை ஏறுவதில்லை, அவர் பெயரும் அறிவிப்பில் வராது. எந்தக் காட்சியிலும் அவர் இல்லை, களத்தில் இருக்கிறார். மார்கழியில் மதியக் கச்சேரிக்கு வந்து, வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள் கிடக்கும் அரங்கில் தாளம் போட்டுக்கொண்டு, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் களத்தில்தான் இருக்கிறார். பாடும் பெண் அவர் தலையாட்டலைப் பார்த்துத்தான் அடுத்த சங்கதியைத் துணிந்து போடுகிறாள்.

ஆகவே ஆட்களைச் சேர்த்துச் சொல்ல ‘இசைக்களத்தவர்’ என்று எழுதலாம். ‘இசைக் கலைஞர்கள்’ என்றால் சீவாளி கட்டுபவரும் மதியக் கச்சேரிப் பெரியவரும் விடுபட்டுப்போவார்கள். குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் கானாக் களம், நாகசுரக் களம், மெல்லிசைக் களம் என்று பிரித்துச் சொல்லலாம். புதிதாக வருகிறவர் களம் இறங்குகிறார், விட்டுப் போகிறவர் களத்தை விட்டு விலகுகிறார். ஓர் ஊரில் எல்லாம் நின்றுபோனால் களம் ஓய்ந்துவிட்டது எனலாம். இவற்றுக்கெல்லாம் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை, எல்லாமே வழக்கில் இருக்கின்றன. திரைப்படத்தில் கச்சேரி நடக்கும் இடத்துக்கு மட்டும் இசைக் காட்சி என்று தாராளமாக எழுதுங்கள், அது அங்கே பொருந்தும்.